காரிஞ்சா: ஆட்டமும் வாழ்வும்

முன்னுரை

தென் அமெரிக்கக் கால்பந்தாட்டம் என்றவுடன் நம் மாணவ நண்பர்கள் பெலேயின் பெயரையே முதலில் சொல்வர். அது முறையே. ஆயினும், பெலே உலகக் கோப்பையை முதன்முதலாக வென்ற அதே அணியில், அவருக்கு வலப்பக்கத்தில், விளிம்புக் கோட்டை ஒட்டி ஆடிய ஒருவரைப் பிரேசில் மக்கள் ‘மக்களின் மகிழ்ச்சி’ என்று பெயரிட்டு அழைத்தனர். பெலேயைக் கண்டு வியந்த நாடு, இவரைக் கண்டு சிரித்தது. சிரித்துச் சிரித்து நேசித்தது. அவர்தாம் காரிஞ்சா.

1958, 1962 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளைப் பிரேசில் வென்றதற்கு அவர் பெருங்காரணம். ஆனால் 1983-ஆம் ஆண்டில், 49 வயதிலேயே, குடியால் உடல் கெட்டு, கையில் பொருளின்றி அவர் மறைந்தார். அவர் வரலாற்றைப் படிக்கும்போது நம் முன் இரண்டு வினாக்கள் எழுகின்றன. எல்லாருக்கும் தெரிந்த ஒரே ஒரு வித்தையைக் கொண்டு அவர் பத்தாண்டுகளுக்கு மேல் உலகின் தேர்ந்த ஆட்டக்காரர்களை எப்படி ஏமாற்றினார்? இத்தனை இலட்சம் மக்களுக்கு மகிழ்ச்சி தந்தவருக்கு அந்த மகிழ்ச்சியின் விலை ஏன் வந்து சேரவில்லை? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலை ஊரின் பிள்ளை

காரிஞ்சாவின் இயற்பெயர் மானுவேல் பிரான்சிஸ்கோ டோஸ் சாந்தோஸ். 1933-ஆம் ஆண்டு அக்டோபரில், ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் மாஜே வட்டாரத்திலுள்ள பாவ் கிராண்டே என்னும் சிற்றூரில் பிறந்தார். ரியோவிலும் சாவோ பாலோவிலும் ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் கொடுத்து ஆடவைக்கும் தொழில்முறைக் கால்பந்து தொடங்கியதும் அதே 1933-இல்தான். தொழிலும் அத்தொழிலுக்கென்றே பிறந்தவரும் ஒரே ஆண்டில் தோன்றியதை ஒரு பொருத்தம் எனலாம்.

பாவ் கிராண்டே ஒரு நெசவாலையைச் சுற்றி அமைந்த ஊர். ‘அமெரிக்கா பாப்ரில்’ என்ற நிறுவனத்துக்குரிய அந்த ஆலையே ஊருக்குச் சோறு போட்டது. தொழிலாளர் குடியிருந்த வீடுகள் ஆலைக்குச் சொந்தம். ஊர்க் கால்பந்துக் கழகமும் ஆலையின் நிழலில் வளர்ந்தது. காரிஞ்சாவின் குடும்பம் வடகிழக்கிலுள்ள அலகோவாஸ் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம். அவருடைய முன்னோர் புல்னியோ என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவர் என்பர். சிறுவன் வளர்த்தியின்றிச் சிறுத்திருந்ததால் அவருடைய அக்காள், அப்பகுதியில் திரியும் ஒரு சிறு பழுப்புக் குருவியின் பெயரான ‘காரிஞ்சா’ என்பதையே செல்லப் பெயராக வைத்தாள். அப்பெயரே நிலைத்துவிட்டது.

அவர் பிறக்கும்போதே முதுகெலும்பு கோணியிருந்தது. ஒரு கால் உட்புறமாகவும் மற்றொரு கால் வெளிப்புறமாகவும் வளைந்திருந்தன. ஒரு கால் மற்றதைவிட ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் குட்டை. காற்றில் சாய்ந்த இரண்டு மூங்கில்களைப்போல இரு கால்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து காணப்பட்டன. இப்படிப்பட்ட பிள்ளை நடப்பதே பெரிது என்று கருதத்தக்க நிலை.

பதினான்காம் வயதில் அவரும் ஆலை வேலைக்குச் சென்றார். வேலையில் அவர் சுறுசுறுப்பானவர் அல்லர். ஆனால் ஆலைக் கழகத்துக்கு அவருடைய ஆட்டம் தேவைப்பட்டதால் மேலாளர்கள் கண்டும் காணாமல் இருந்தனர். 1950-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று, மரக்கானா அரங்கில் உருகுவே நாட்டிடம் 1–2 என்ற கணக்கில் பிரேசில் உலகக் கோப்பையை இழந்தது. நாடே அழுத அந்நாளில் இவர் மீன் பிடிக்கப் போயிருந்தார் என்றும், திரும்பி வந்து மக்கள் அழுவதைக் கண்டு இதற்கா அழுகிறார்கள் என்று வியந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். ஆட்டத்தை ஆட்டமாக மட்டுமே எண்ணும் இந்த மனநிலை அவரைக் கடைசிவரை விட்டு நீங்கவில்லை. அதுவே அவருக்குப் பலம். பின்னர் அதுவே அவருக்குப் பலவீனமும் ஆயிற்று.

போட்டபோகோ கழகத்தில்

ரியோ நகரத்துப் பெரிய கழகங்கள் சில அவரைப் பார்த்தும் பாராமல் அனுப்பின. ஓரிடத்தில் ஆடுவதற்குரிய காலணி கொண்டுவராததால் திரும்ப வேண்டியதாயிற்று. மற்றோரிடத்தில் தேர்வு முடிவதற்குள் ஊருக்குச் செல்லும் கடைசி இரயிலைப் பிடிக்க ஓடிவந்துவிட்டார் என்றெல்லாம் கதைகள் வழங்குகின்றன. இறுதியில் 1953-இல் போட்டபோகோ கழகம் அவரைத் தேர்வுக்கு அழைத்தது.

அன்று அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் நில்டன் சாந்தோஸ். அப்போதே பிரேசில் அணியில் இடம்பெற்றிருந்தவர். உலகின் மிகச் சிறந்த இடப்புற பேக் என்று பின்னாளில் போற்றப்பட்டவர். வளைந்த கால்களோடு வந்து நின்ற ஆலைத் தொழிலாளி அவரையே திணற அடித்தார். ஆட்டம் முடிந்ததும் நில்டன் சாந்தோஸ் கழக நிருவாகிகளிடம் இவரை உடனே சேர்த்துக்கொள்ளுமாறு சொன்னார். இனி இவரை எதிர்த்து ஆடும் துன்பம் தமக்கு வேண்டாம் என்பதே அதன் உட்பொருள் என்று நகைச்சுவையாகக் கூறுவர். தாம் தோற்ற இடத்தில் பொறாமை கொள்ளாமல், தம்மைத் தோற்கடித்தவனுக்குப் பரிந்து பேசிய அப்பெருந்தன்மை நாம் எண்ணிப்பார்க்கத் தக்கது. அந்த ஒரு சொல் இல்லையென்றால் காரிஞ்சா மீண்டும் ஆலைக்கே போயிருக்கக்கூடும்.

1953 ஜூலையில் பொன்சுசெசோ அணிக்கு எதிராக ஆடிய முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்தார். அது முதல் 1965 வரை அவர் அக்கழகத்துக்காக ஏறத்தாழ 600 ஆட்டங்கள் ஆடி, 230-க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தார். விளிம்பில் நின்று பிறருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை. 1957, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் போட்டபோகோ ரியோ மாநிலப் பட்டத்தை வென்றது. 1957-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் புளுமினென்ஸ் கழகத்தை 6–2 என்ற கணக்கில் வென்றபோது பாலினோ என்பவர் ஐந்து கோல் அடித்தார், ஆறாவது காரிஞ்சாவினுடையது.

ஒரே ஒரு வித்தை

இனி அவருடைய ஆட்ட முறையைக் காண்போம். அந்நாளைய பிரேசில் அணி 4–2–4 என்ற அமைப்பில் ஆடியது. அதாவது பின்னே நால்வர், நடுவில் இருவர், முன்னே நால்வர். முன்னேயுள்ள நால்வரில் வலக்கோடியில் நிற்பவரே நாம் ‘ரைட் அவுட்’ என்று கூறும் ஆட்டக்காரர். அவர் விளிம்புக் கோட்டை ஒட்டியே நிற்பதால், எதிரணியின் இடப்புற பேக் தம் துணைவர்களைவிட்டு விலகிவந்து அவரைத் தனியே எதிர்கொள்ள நேரும். காரிஞ்சாவுக்கு வேண்டியதும் அதுவே.

பந்து அவர் காலுக்கு வந்ததும் அவர் ஓடமாட்டார், நின்றுவிடுவார். பந்தும் அசையாது கிடக்கும். எதிரேயுள்ள பேக்கும் நின்றுவிடுவார். பிறகு காரிஞ்சாவின் உடல் திடீரென இடப்புறம் சாயும். பந்து அசையாது. ஆனால் பேக்கின் உடற்பாரம் அந்தப் பக்கம் மாறிவிடும். அந்தக் கணத்தில் காரிஞ்சா வலப்புறமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு பாய்ந்துவிடுவார். ஆயிரம் முறை ஆடினால் பெரும்பாலும் இப்படித்தான், வலப்புறமாகவே போவார். அது எல்லாப் பேக்குகளுக்கும் தெரியும். அரங்கில் கடலை விற்பவனுக்கும் தெரியும். ஆயினும் தடுக்க முடிந்ததில்லை.

இதன் காரணத்தைச் சற்று ஆராய்ந்தால் மூன்று செய்திகள் புலப்படும். முதலாவது, தடுப்பவர் எதிராளியின் பந்தை மட்டும் பார்த்து நகர்வதில்லை. அவருடைய இடுப்பையும் முழங்காலையும் பார்த்தே அடுத்த அசைவைக் கணிக்கிறார். நேரான கால்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் காரிஞ்சாவின் வளைந்த கால்கள் தவறான செய்தியையே தந்தன. இரண்டாவது, எங்கே போவார் என்பது தெரிந்தாலும் எப்போது போவார் என்பது தெரியாது. மூன்றாவது, நின்ற நிலையிலிருந்து முதல் இரண்டு மூன்று அடிகளில் அவருக்கிருந்த வேகம் மற்றவர்க்கு இல்லை. ஒருமுறை பின்தங்கிய பேக் திரும்பி ஓடத் தொடங்குவதற்குள் இவர் கோல் கோட்டை எட்டிவிடுவார்.

அங்கிருந்து அவர் பந்தைப் பின்னோக்கி, கோலின் முன்னே, உதைத்தனுப்புவார். பந்து பின்னோக்கி வருவதால் அதை வாங்குபவர் ஆப்சைடு ஆவதில்லை. தடுப்பவர்களோ தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பர்; அவர்களால் பந்தையும் ஆளையும் ஒருங்கே காண இயலாது. எதிர்வரும் முன்னணி ஆட்டக்காரர் ஓடிவந்து அடித்தால் போதும். வாவா என்ற பிரேசில் வீரர் உலகக் கோப்பைகளில் அடித்த கோல்களுள் சில இப்படி வந்தவையே.

சில வேளைகளில் பேக்கைக் கடந்த பின்னும் காரிஞ்சா நின்று, அவர் மீண்டும் வந்து சேரும்வரை காத்திருந்து, மறுபடியும் ஏமாற்றுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பயிற்சியாளர்களுக்கு இது பிடிக்காது. காலத்தை வீணாக்குவதாகக் கருதினர். 1958 மே மாதத்தில் இத்தாலியின் பியோரென்தினா கழகத்துடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில், தடுத்தவர்களையும் கோல் காப்பாளரையும் கடந்து, திறந்து கிடந்த கோலின் முன் நின்று, ஓடிவந்த ஒருவரையும் ஏமாற்றிய பிறகே பந்தை உள்ளே தள்ளினார். அதைக் கண்டு தலைவர்கள் மகிழ்வதற்கு மாறாகக் கவலை கொண்டனர் என்பர்.

சுவீடன், 1958

அக்கவலைக்கு ஒரு பின்னணி உண்டு. 1950-ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பிறகு, பழி பெரும்பாலும் கோல் காப்பாளர் பார்போசா முதலிய கருநிற ஆட்டக்காரர்கள்மீதே சுமத்தப்பட்டது. கருநிறத்தவரும் கலப்பினத்தவரும் திறமையுள்ளவர்களே, ஆனால் நெருக்கடியில் மனம் தளர்ந்துவிடுவர் என்ற எண்ணம் நாட்டில் பரவியிருந்தது. எனவே 1958-இல் அணியோடு ஓர் உளவியலாரும் சென்றார். அவர் நடத்திய தேர்வுகளில் காரிஞ்சா மிகக் குறைந்த மதிப்பே பெற்றார். பதினேழே வயதான பெலேயும் முதிர்ச்சியற்றவர் என்று கூறப்பட்டது.

முதல் இரண்டு ஆட்டங்களில் காரிஞ்சா இடம்பெறவில்லை. ஆஸ்திரியாவைப் பிரேசில் 3–0 என வென்றது; இங்கிலாந்துடன் கோல் இன்றிச் சமனாயிற்று. மூன்றாவது ஆட்டம் சோவியத் ஒன்றியத்துடன். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணி அது. அறிவியல் முறையில் பயின்ற அணி என்ற புகழும் அதற்கு உண்டு. கோலில் நின்றவர் லெவ் யாஷின். அந்த ஆட்டத்துக்குத்தான் பயிற்சியாளர் விசென்தே பியோலா, காரிஞ்சாவையும் பெலேயையும் ஒருசேரக் களமிறக்கினார்.

1958 ஜூன் 15, கோதென்பர்க் நகரம். ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே காரிஞ்சா தம்மைத் தடுத்த குஸ்நெத்சோவைக் கடந்து சென்று அடித்த பந்து கம்பத்தில் மோதியது. அடுத்துப் பெலே அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டது. மூன்றாம் நிமிடத்தில் டிடி கொடுத்த பந்தை வாவா கோலாக்கினார். கால்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த மூன்று நிமிடங்கள் என்று பிரெஞ்சுப் பத்திரிகையாளர் காப்ரியேல் அனோ இவற்றைப் போற்றியதாகச் சொல்வர். பிரேசில் 2–0 என வென்றது. தேர்வுத் தாளில் தோற்றவர் திடலில் தம் விடையை எழுதினார்.

பிறகு வேல்ஸ் 1–0, பிரான்ஸ் 5–2 என வீழ்ந்தன. ஜூன் 29 அன்று ஸ்டாக்ஹோம் இறுதியாட்டத்தில் சுவீடன் நான்காம் நிமிடத்திலேயே முதல் கோலை அடித்தது. 1950 திரும்பிவிட்டதோ என்று பிரேசில் அஞ்சியிருக்க வேண்டிய நேரம். காரிஞ்சா வலப்புறத்தில் இருமுறை தம் பழைய வித்தையைச் செய்தார். இருமுறையும் பந்தைக் கோலின் முன்னே தாழ்வாக அனுப்பினார். இருமுறையும் வாவா கோல் அடித்தார். இரண்டுக்கும் வேறுபாடு காண்பதே அரிது. 5–2 என்ற கணக்கில் பிரேசில் முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றது.

சிலி, 1962

நான்காண்டுகள் கழித்துச் சிலி நாட்டில் நடந்த போட்டி முழுவதும் காரிஞ்சாவினுடையது என்றால் மிகையாகாது. இரண்டாவது ஆட்டத்தில் செக்கோஸ்லோவாகியாவுக்கு எதிராக ஆடியபோது பெலே தசை கிழிந்து வெளியேறினார்; அதன்பின் அப்போட்டியில் அவர் ஆடவேயில்லை. அணியின் சுமை காரிஞ்சாவின் தோளில் விழுந்தது.

அதுவரை வலக்கோட்டிலேயே நின்றவர் இப்போது நடுவுக்கும் வந்தார். ஸ்பெயினுடன் நடந்த ஆட்டத்தில் பிரேசில் பின்தங்கி இருந்தது. பெலேயின் இடத்தில் வந்த அமரில்டோ இரண்டு கோல் அடித்து 2–1 என வெற்றி தேடித் தந்தார். வெற்றிக் கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தவர் காரிஞ்சா. ஜூன் 10 அன்று கால் இறுதியில் இங்கிலாந்து. ஐந்தரை அடி உயரமே கொண்ட காரிஞ்சா, நெடிய ஆங்கிலத் தடுப்பாளர்களிடையே எழும்பித் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார். அவர் அடித்த பிரீ கிக்கைக் கோல் காப்பாளர் பிடிக்காமல் நழுவவிட, அதை வாவா கோலாக்கினார். பின்னர்த் தொலைவிலிருந்து வளைந்து சென்ற பந்தில் காரிஞ்சாவே மூன்றாவதையும் அடித்தார். பிரேசில் 3–1.

அரை இறுதியில், சான்டியாகோ நகரில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிலி மக்கள் கூடியிருக்க, அவர் முதற்பாதியிலேயே இரண்டு கோல் அடித்தார். ஒன்று இடக்காலால், மற்றொன்று தலையால். பிரேசில் 4–2 என வென்றது. ஆனால் ஆட்டம் முழுவதும் உதைபட்டவர் இறுதியில் பொறுமையிழந்து எதிராளி ஒருவரைத் திருப்பி உதைத்தார்; நடுவர் அவரை வெளியேற்றினார். வெளியே செல்லும்போது கூட்டத்திலிருந்து எறியப்பட்ட பொருளொன்று அவர் தலையில் பட்டது. அந்நாளில் வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆட்டத்தில் தாமாகவே விலக்கப்படும் விதி இல்லை. குழு கூடி முடிவு செய்யும். குழு அவரை எச்சரித்து விட்டுவிட்டது. காய்ச்சலோடு அவர் இறுதியாட்டத்தில் ஆடினார். அவரைத் தடுக்கவே இருவர் மூவர் திரண்டதால் மற்றவர்க்கு வழி கிடைத்தது. செக்கோஸ்லோவாகியாவை 3–1 என வென்று பிரேசில் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

நான்கு கோல்களோடு, அப்போட்டியில் மிகுதியாகக் கோல் அடித்த அறுவருள் ஒருவரானார் காரிஞ்சா. கவிஞர் வினிசியஸ் டி மொராயஸ் அவர்மீது கவிதை எழுதினார். 1963-இல் இயக்குநர் ஜோவாகிம் பெட்ரோ டி ஆந்திரதே ‘காரிஞ்சா, மக்களின் மகிழ்ச்சி’ என்ற பெயரில் அவரைப் பற்றி ஒரு திரைப்படமே எடுத்தார். அவர் புகழின் உச்சி அது. அவர் உடலின் இறக்கமும் அங்கேதான் தொடங்குகிறது.

முழங்காலின் கதை

வளைந்த காலில் உடலின் பாரம் முழங்காலின் ஒருபுறமே மிகுதியாக இறங்கும். அக்காலை ஊன்றி, நின்ற நிலையிலிருந்து திடீரெனத் திரும்பிப் பாயும் வித்தையை ஆண்டுக்கு ஐம்பது அறுபது ஆட்டங்களில், ஆட்டத்துக்குப் பலமுறை செய்தால் என்னவாகும்? மூட்டின் குருத்தெலும்பு தேயும். தேய்ந்தது. ஏமாற்ற முடியாதபோது பேக்குகள் உதைத்த உதைகளும் சேர்ந்துகொண்டன. எந்தக் கால்கள் அவருக்குப் புகழ் தந்தனவோ அந்தக் கால்களே அவருடைய ஆட்டத்துக்கு முடிவும் எழுதிக்கொண்டிருந்தன.

ஓய்வு வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. போட்டபோகோ கழகம் ஆண்டுதோறும் ஐரோப்பாவிலும் இலத்தீன் அமெரிக்க நாடுகளிலும் சுற்றுப்பயணம் செய்து ஆட்டங்கள் ஆடிப் பணம் சேர்த்தது. காரிஞ்சா ஆடுவார் என்பதே அந்த ஆட்டங்களுக்கு விலை. ஆகவே வலியுள்ள முழங்காலில் ஊசி மருந்து செலுத்தப்பட்டது, வலி மறைந்தது, அவர் ஆடினார், தேய்மானம் வளர்ந்தது. 1964-இல் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அதன்பின் பழைய காரிஞ்சா திரும்பவில்லை. சாயும் உடல் சாய்ந்தது. பாயும் கால் பாயவில்லை. முதல் மூன்றடியின் வேகம் போனபின், எல்லாருக்கும் தெரிந்த வித்தை எல்லாராலும் தடுக்கத்தக்கதாயிற்று.

1966 தொடக்கத்தில் அவர் கொரிந்தியன்ஸ் கழகத்துக்கு விற்கப்பட்டார். அவ்வாண்டு இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பைக்கும் அவரை அழைத்துச் சென்றனர். முதல் ஆட்டத்தில் பல்கேரியாவைப் பிரேசில் 2–0 என வென்றது. பெலே ஒன்றும் காரிஞ்சா ஒன்றும் பிரீ கிக்கில் அடித்தனர். அவ்விருவரும் சேர்ந்து ஆடிய கடைசி ஆட்டம் அது. இருவரும் ஒருசேர ஆடிய 40 ஆட்டங்களில் பிரேசில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. ஜூலை 15 அன்று, பெலே இல்லாமல், ஹங்கேரியிடம் பிரேசில் 1–3 எனத் தோற்றது. பிரேசில் சட்டை அணிந்து காரிஞ்சா தோற்ற ஒரே ஆட்டம் அதுதான். அவர் நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடலாம். அதே 1966-இல் இங்கிலாந்து அணி, விளிம்பு ஆட்டக்காரர்களே இல்லாத அமைப்பில் இறுதியாட்டம் ஆடிக் கோப்பையை வென்றது. விளிம்புக் கோட்டில் தனியே நின்று தனியொருவரை எதிர்த்து வெல்லும் ஆட்டக்காரருக்கு அந்தக் காலத்தில் இடம் சுருங்கத் தொடங்கியது.

ஒப்பந்தமும் சட்டமும்

இரண்டாவது வினாவுக்கு வருவோம். காரிஞ்சா குடித்தார், பணத்தைப் பேணத் தெரியாமல் செலவிட்டார், ஆகவே வறியவரானார் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அதில் உண்மையும் உண்டு. அவருடைய தந்தையும் குடியர். ‘கசாசா’ என்னும் கரும்புச் சாராயம் அந்த ஆலை ஊரில் சிறுவயதிலேயே கைக்கு வருவது. ஆயினும் அது முழு உண்மை ஆகாது.

அந்நாளில் பிரேசிலில் ‘பாசே’ என்ற முறை நடைமுறையில் இருந்தது. ஆட்டக்காரரின் ஆட்ட உரிமை கழகத்துக்குச் சொந்தம். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும், அக்கழகம் அவ்வுரிமையை விற்றாலன்றி அவர் வேறு கழகத்தில் ஆட முடியாது. இத்தாலியக் கழகங்கள் காரிஞ்சாவை வாங்க விரும்பியும் போட்டபோகோ இசையவில்லை. விலை பேசும் உரிமை இல்லாத தொழிலாளிக்குக் கிடைப்பது முதலாளி கொடுக்கும் கூலியே என்பதைப் பொருளியல் பயிலும் நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்குக் காரிஞ்சா தொகை எழுதப்படாத ஒப்பந்தத் தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார் என்று அவர் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஆலையின் வீட்டில் பிறந்து, ஆலையின் கூலியில் வளர்ந்தவருக்கு, கழகமும் மற்றோர் ஆலையாகவே தோன்றியிருக்கும்.

இம்முறை மாறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. காரிஞ்சாவுடன் ஆடிய பெலே 1995-இல் விளையாட்டுத்துறை அமைச்சரானார். 1998-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று நிறைவேறிய, ‘பெலே சட்டம்’ என்று வழங்கும் 9615-ஆம் எண் சட்டம் ‘பாசே’ முறைக்கு முடிவு கட்டியது; 2001-இல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது காரிஞ்சா இறந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இறுதி ஆண்டுகள்

1960-களில் அவர் முதல் குடும்பத்தைப் பிரிந்து, புகழ்பெற்ற பாடகி எல்சா சோவாரெசுடன் வாழத் தொடங்கினார். நேற்றுவரை அவரைத் தலைமேல் வைத்து ஆடியவர்களுள் பலர் இதற்காக அவ்விருவரையும் தூற்றினர். பழி பெரும்பகுதி அந்தப் பெண்மணிமீதே விழுந்தது. 1969-இல் காரிஞ்சா ஓட்டிச்சென்ற கார் விபத்துக்குள்ளாகி எல்சாவின் தாயார் உயிரிழந்தார். அத்துயரத்திலிருந்து அவர் மீளவில்லை, குடி மிகுந்தது. பிளமெங்கோ, ஒலாரியா எனக் கழகங்கள் மாறியும் ஆட்டம் திரும்பவில்லை.

1973-ஆம் ஆண்டு டிசம்பர் 19 அன்று அவருக்காக மரக்கானா அரங்கில் ஒரு நன்றி ஆட்டம் நடந்தது. ஓர் இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். நாற்பது வயதில், கனத்த உடலோடு, அவர் சிறிது நேரம் ஆடி, கூட்டத்தின் கைத்தட்டலோடு விடைபெற்றார். 1983-ஆம் ஆண்டு ஜனவரி 20 அன்று ரியோ நகர மருத்துவமனை ஒன்றில் உயிர் நீத்தார். அவர் உடல் மரக்கானாவில் வைக்கப்பட்டு, தீயணைப்பு வண்டியில் பாவ் கிராண்டேக்கு எடுத்துச் செல்லப்பட்டது. வழிநெடுக மக்கள் நின்றனர். மக்களின் மகிழ்ச்சியாக இருந்தவர் இங்கே துயில்கிறார் என்ற பொருள்படும் சொற்கள் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளன. எல்சா சோவாரெஸ் 2022-இல், அதே ஜனவரி 20 அன்று மறைந்தார்.

முடிவுரை

பிரேசிலின் தலைநகரிலுள்ள தேசிய அரங்குக்கு மானே காரிஞ்சாவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 2014 உலகக் கோப்பைக்காக எழுப்பப்பட்ட அரங்குகளுள் மிகுந்த பொருட்செலவில் உருவானது அதுவே. தம் உழைப்பின் விலையைக் கேட்கத் தெரியாதிருந்தவரின் பெயர் அந்த வாயிலில் எழுதப்பட்டிருப்பதைக் காண்போர் மனத்தில் ஓர் எண்ணம் எழாமல் இராது.

காரிஞ்சாவின் வரலாறு இருவகையில் நமக்குப் பயன்படும். குறையென்று உலகம் கருதும் ஒன்று எவ்வாறு தனித்திறமையாக மலரக்கூடும் என்பதை அவர் கால்கள் காட்டுகின்றன. உளவியல் தேர்வுத் தாள் ஒருவரின் ஆற்றலை முழுவதும் அளந்துவிடாது என்பதைக் கோதென்பர்க் திடல் காட்டுகிறது. இவை மகிழ்ச்சியான பாடங்கள். மற்றொரு பாடம் கசப்பானது. இலட்சம் பேர் சேர்ந்து ஒருவரால் மகிழ்கிறோம். ஆட்டம் முடிந்து வீடு திரும்புகிறோம். அந்த மகிழ்ச்சியைத் தந்த முழங்கால் அன்றிரவு ஒருவருக்கு மட்டுமே வலிக்கிறது. அவ்வலியில் கழகத்துக்கும் சட்டத்துக்கும் பார்வையாளருக்கும் பங்கு உண்டு என்பதை நாடுகள் மெல்ல மெல்லவே உணர்ந்திருக்கின்றன.

நம் கல்லூரித் திடலிலும் மாலைதோறும் பந்து உருளுகிறது. முழங்காலில் துணிக்கட்டுடன் ஒரு நண்பர் ஆட வந்து நின்றால், அவரில்லாமல் வெல்ல முடியாது என்று தோன்றினாலும், இன்று உட்கார் என்று சொல்லக்கூடிய துணைவர்கள் அவருக்கு அமைய வேண்டும். காரிஞ்சாவுக்கு அணி அமைந்தது, கூட்டம் அமைந்தது, அப்படிச் சொல்ல ஒருவர் அமையவில்லை.